சொல்லத் தவறிய நான்கு நாட்கள்: டார்கெட் கடைகளின் அட்டைத் தரவுத் திருட்டும் வாடிக்கையாளரின் எதிர்வினையும்

2013ஆம் ஆண்டு நத்தாருக்கு ஆறு நாட்கள் இருக்கையில், டிசம்பர் 19ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்றான டார்கெட், தன் கடைகளில் பயன்படுத்தப்பட்ட ஏறத்தாழ 40 மில்லியன் கடனட்டைகளினதும் டெபிட் அட்டைகளினதும் தரவுகள் களவு போயிருக்கக்கூடும் என்று அறிவித்தது. நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை அந்தக் கடைகளில் அட்டையை உரசிப் பொருள் வாங்கியவர்கள் இதற்குள் அடங்கினர். மூன்று கிழமைகள் கழிந்து, 2014 ஜனவரி 10ஆந் திகதி, இன்னொரு செய்தி வந்தது: 70 மில்லியன் வரையான ஆட்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி என்பனவும் அதே களவில் போயிருந்தன.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் களவின் பருமனைச் சொல்லி வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள், அல்லது களவு நடந்த தொழில்நுட்ப வழியை விளக்குவதில் ஆழ்ந்துவிடுகிறார்கள். கடைக்கு வந்து காசு கொடுத்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி ஓரமாகவே கிடக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. தங்கள் அட்டை விபரம் போனதற்காகக் கோபப்பட்டவர்களை விட, அதைத் தங்களுக்கு யார், எப்போது, எந்த விதத்தில் சொன்னார்கள் என்பதற்காகக் கோபப்பட்டவர்களே அதிகம் என்பதும், அந்தக் கோபத்துக்கு உணர்ச்சி மட்டுமன்றிக் காசுக் கணக்கும் காரணமாக இருந்தது என்பதும் நிகழ்வின் விபரங்களை வரிசையாக வைத்துப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவு.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதை ஏன் ஆராய வேண்டும் என்று கேட்கலாம். நான் இங்கே மாலை வேளைகளில் கணக்கியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் பகலில் மத்திய வீதியிலும் வடகரை வீதியிலும் உள்ள கடைகளின் காசு மேசையில் இருப்பவர்கள். அட்டை இயந்திரத்தை நாள் முழுவதும் கையாள்பவர்கள். நகரத்துக் கடைகளில் இன்று கிண்ணியாவிலிருந்து பாலத்தைக் கடந்து வருபவரும், மூதூரிலிருந்து வருபவரும், உவர்மலையில் குடியிருக்கும் ஓய்வூதியரும் அட்டையை நீட்டுகிறார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில், ஏப்ரல் தொடக்கம் செப்ரெம்பர் வரையான காலத்தில், வெளிநாட்டவரின் அட்டைகள் நாளாந்தம் உரசப்படுகின்றன. டார்கெட்டில் நடந்தது இங்கே நடந்தால் நம்முடைய வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பதை, நடக்கும் முன்னரே யோசித்து வைப்பது கடைக்காரரின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

நடந்தது

களவாளிகள் டார்கெட்டுக்குள் நேரடியாக நுழையவில்லை. டார்கெட்டின் கடைகளில் குளிரூட்டல் வேலைகளைச் செய்துவந்த, பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்கு, பட்டியல்களையும் வேலைத்திட்ட விபரங்களையும் அனுப்புவதற்காக டார்கெட்டின் கணினி வலையமைப்பில் ஒரு நுழைவு அனுமதி இருந்தது. அந்த நிறுவனத்தின் கடவுச்சொல் களவு போனது. அதைக்கொண்டு நவம்பர் நடுப்பகுதியில் உள்ளே வந்தவர்கள், சில காசுப்பதிவு இயந்திரங்களில் தங்கள் மென்பொருளைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, நவம்பர் முடிவதற்குள் பெரும்பாலான கடைகளுக்கு அதைப் பரப்பினார்கள். அட்டையின் கறுப்புக் காந்தப் பட்டியை உரசும் கணத்தில் அதிலுள்ள விபரம் காசுப்பதிவு இயந்திரத்தின் நினைவகத்தில் மறைகுறியாக்கம் செய்யப்படாமல், அதாவது பிறர் படிக்க முடியாத குறியீடாக மாற்றப்படாமல், ஒரு நொடி தங்குகிறது. அந்த நொடியில் அதைப் படியெடுப்பதே மென்பொருளின் வேலை.

இது கண்ணில் படாமல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. டார்கெட் சில மாதங்களுக்கு முன்னர்தான் பெருஞ்செலவில் ஒரு கண்காணிப்பு முறையை நிறுவியிருந்தது. அந்த முறை நவம்பர் 30ஆந் திகதியும் மீண்டும் டிசம்பர் 2ஆந் திகதியும் எச்சரிக்கை கொடுத்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு மினியாபொலிஸ் தலைமையகத்துக்கு அதை அறிவித்தது. அங்கே எவரும் நடவடிக்கை எடுக்கவில்லை. டிசம்பர் 12ஆந் திகதி அமெரிக்க நீதித் திணைக்களம் தகவல் கொடுத்த பின்னரே நிறுவனம் விழித்துக்கொண்டது. 15ஆந் திகதி களவு உறுதிசெய்யப்பட்டு மென்பொருள் அகற்றப்பட்டது. இதே நிறுவனம் அதே ஆண்டு செப்ரெம்பரில், அட்டை வணிகத்துக்கான பாதுகாப்புத் தரத்தை நிறைவுசெய்துள்ளதாகச் சான்றிதழ் பெற்றிருந்தது. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் எல்லோரும் இந்த ஒரு வசனத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முதலில் சொன்னவர் யார்

டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. டார்கெட்டுக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். டிசம்பர் 19, வியாழக்கிழமை. டார்கெட் அறிவிக்கிறது. இடையில் நான்கு நாட்கள் போயின. அந்த இடைவெளியில், 18ஆந் திகதி, பிரையன் கிரெப்ஸ் என்ற பாதுகாப்புத் துறைப் பத்திரிகையாளர் இந்தக் களவை வெளியிட்டுவிட்டார். கடைக்காரர் சொல்லவேண்டியதை மூன்றாம் ஆள் சொன்னார்; கடைக்காரர் மறுநாள் அதை உறுதிப்படுத்தினார்.

அந்த நான்கு நாட்களுக்கு நிறுவனம் ஒரு விளக்கம் கொடுத்தது. அப்போதைய பிரதம நிறைவேற்று அதிகாரி கிரெக் ஸ்டைன்ஹாஃபல் ஜனவரியில் கொடுத்த தொலைக்காட்சிப் பேட்டியில், முதல் நாள் கடைகளைப் பாதுகாப்பாக்குவதிலும் இரண்டாம் நாள் விசாரணையிலும் மூன்றாம் நாள் கடைகளையும் தொலைபேசி நிலையங்களையும் தயார்செய்வதிலும் கழிந்ததாகவும், நான்காம் நாள் அறிவித்ததாகவும் கூறினார். இந்த விளக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. என்ன போயிற்று என்று தெரியாமல் கோடிக்கணக்கான மக்களைக் கலவரப்படுத்துவதால் பயனில்லை. ஆயினும் அந்த ஆயத்தத்தின் பலனை வாடிக்கையாளர் காணவில்லை. அறிவித்தல் வந்தவுடனே தொலைபேசி இணைப்புகள் நெருக்கியடித்தன. மணிக்கணக்கில் காத்திருந்தும் யாரும் எடுக்கவில்லை என்ற முறைப்பாடுகள் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தை நிறைத்தன. டார்கெட்டின் சொந்த அட்டையை வைத்திருந்தவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க இணையத்தளத்துக்குப் போனால் அதுவும் திறக்க மறுத்தது.

அந்த நேரத்து முறைப்பாடுகளைப் படிக்கும்போது ஒரு விடயம் தெளிவாகத் தெரிகிறது. களவாளியை எவரும் திட்டவில்லை. அவர் எங்கோ தூரத்தில் முகமில்லாமல் இருக்கிறார். பழகிய கடையைத்தான் திட்டினார்கள். பிள்ளைகளின் நத்தார்ப் பரிசை வாங்கிய கடை, கிழமைக்கு ஒரு தடவை போகும் கடை, தனக்குத் தெரிந்ததைத் தங்களுக்குச் சொல்லவில்லையே என்பதுதான் குறை. 15ஆந் திகதிக்கும் 19ஆந் திகதிக்கும் இடையில் அதே கடைகளில் வியாபாரம் வழமைபோல் நடந்தது. அந்த நாட்களில் போய் வாங்கியவர்களின் தரவு அநேகமாகக் களவு போகவில்லை என்றாலும், முந்திய கிழமைகளில் வாங்கியவர்கள் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொள்ளவும் அட்டையை மாற்றிக்கொள்ளவும் கிடைத்திருக்கக்கூடிய நான்கு நாட்களை இழந்தார்கள். அந்நேரம் களவாடப்பட்ட அட்டைகள் இரகசியச் சந்தைகளில், ஒன்று ஏறத்தாழ 20 டொலரிலிருந்து 100 டொலருக்கு மேலும் என விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. வாங்குபவர் தன் ஊரை அண்டிய அட்டைகளையே தெரிந்தெடுத்தால் வங்கிக்குச் சந்தேகம் வராது என்பதற்காக, எந்தப் பகுதிக் கடையில் உரசப்பட்ட அட்டை என்ற விபரத்தையும் சேர்த்தே விற்றார்கள்.

சொன்னதை மாற்றிச் சொன்னதும் கோபத்தைக் கூட்டியது. இரகசிய இலக்கங்கள் போனதற்கான அறிகுறி இல்லை என்று முதலில் கூறப்பட்டது. டிசம்பர் 27ஆந் திகதி, மறைகுறியாக்கம் செய்யப்பட்ட நிலையில் அவையும் எடுத்துச் செல்லப்பட்டுள்ளன என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவற்றைத் திறக்கும் சாவி டார்கெட்டின் கணினிகளில் இருக்கவே இல்லை ஆதலால் ஆபத்து இல்லை என்ற தொழில்நுட்ப விளக்கம் சரியானதுதான். கேட்பவர் காதில் விழுந்தது, போகவில்லை என்றது போய்விட்டது என்பதே. பின்னர் ஜனவரியில் 70 மில்லியன் ஆட்களின் விபரம் என்ற மூன்றாவது செய்தி வந்தபோது, அதற்கு மேல் என்ன வரப்போகிறதோ என்று எண்ணாதவர் இருந்திருக்க மாட்டார்.

கடனட்டைக்காரரும் டெபிட் அட்டைக்காரரும்

வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே மாதிரிப் பாதிக்கப்பட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது இந்த நிகழ்வை விளங்கிக்கொள்வதற்குத் தடையாக இருக்கும் பெரிய தவறு. கடனட்டையில் களவு நடந்தால் போவது வங்கியின் காசு. பட்டியல் வந்த பின்னர், இது நான் வாங்கியதில்லை என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தொகையைக் கட்டாமலே பிணக்கைத் தொடரலாம்; அமெரிக்கச் சட்டப்படி அட்டைக்காரரின் பொறுப்பு ஆகக்கூடியது 50 டொலர். டெபிட் அட்டையில் களவு நடந்தால் போவது சம்பளக் கணக்கில் கிடந்த சொந்தக் காசு. அது திரும்பி வரும், ஆனால் வரும்வரை இல்லை. வீட்டு வாடகை, மின்சாரப் பட்டியல், பிள்ளையின் கட்டணம் எல்லாம் அந்த இடைவெளியில் வந்து நிற்கும். தொலைந்த அல்லது திருடப்பட்ட டெபிட் அட்டையைப் பற்றி இரண்டு வேலை நாட்களுக்குள் அறிவித்தால் 50 டொலர், பிந்தினால் 500 டொலர் வரை, கணக்குக் கூற்று அனுப்பப்பட்டு 60 நாட்களுக்குள் அறிவிக்கத் தவறினால் அதன்பின் நடக்கும் களவுக்கு எல்லையே இல்லை என்று அந்நாட்டுச் சட்டமே நாட்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. டார்கெட் நிகழ்வில் வாடிக்கையாளர் எவரும் ஒரு சதமும் சுமக்க வேண்டியதில்லை என்று நிறுவனமும் வங்கிகளும் உறுதி கூறின, பெரும்பாலும் அப்படியே நடந்தது. இருந்தும், நாட்களை வைத்துப் பொறுப்பை அளக்கும் ஒரு முறைக்குள் வாழ்பவருக்கு, நான்கு நாள் மௌனம் வெறும் மரியாதைக் குறைவாக மட்டும் தோன்றாது.

இதற்கு ஒரு சான்று ஜேபி மோர்கன் சேஸ் வங்கியின் நடவடிக்கை. டிசம்பர் 21ஆந் திகதி, நத்தாருக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை, டார்கெட்டில் உரசப்பட்டிருந்த தன் டெபிட் அட்டைகளுக்கு அந்த வங்கி ஒரு நாளைக்கு 100 டொலர் காசெடுப்பும் 300 டொலர் கொள்வனவும் என்று எல்லை போட்டது. வங்கியின் பார்வையில் அது பாதுகாப்பு. பண்டிகைக்குச் சாமான் வாங்கிய வண்டிலைத் தள்ளிக்கொண்டு காசு மேசைக்கு வந்து, அட்டை மறுக்கப்பட்டு, பின்னால் வரிசை நிற்கையில் விழித்துக்கொண்டு நின்றவரின் பார்வையில் அது இரண்டாவது தண்டனை. எதிர்ப்பு எழுந்ததும் வங்கி சில கிளைகளை ஞாயிற்றுக்கிழமையும் திறந்தது, எல்லையையும் தளர்த்தியது. கடனட்டைக்காரர் எவருக்கும் இப்படி நேரவில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் உரசிய இருவரில், கையில் வசதி குறைந்தவரே அதிகம் அலைந்தார். இந்த நிகழ்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பக்கம் இதுதான் என்பது என் கருத்து.

கழிவும் கடிதமும்

வாடிக்கையாளரைத் திரும்ப அழைப்பதற்கு டார்கெட் இரண்டு காரியங்கள் செய்தது. டிசம்பர் 21, 22ஆந் திகதிகளில் கடைக்கு வந்த எல்லோருக்கும், தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பத்து வீதக் கழிவைக் கொடுத்தது. பின்னர், ஒருவரின் பெயரில் வேறு யாரும் கடன் எடுக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும் கடன் விபரக் கண்காணிப்புச் சேவையை ஓராண்டுக்கு இலவசமாகப் பெற்றுக்கொள்ள வழிசெய்தது.

கழிவை நல்ல மனத்துடன் ஏற்று வந்தவர்களும் இருந்தார்கள். மற்றவர்களுக்கு அது, காசு போனதா என்று கேட்க வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் செலவழியுங்கள் என்று சொன்னதாகப் பட்டது. பாதிக்கப்பட்டவருக்கும் பாதிக்கப்படாதவருக்கும் ஒரே கழிவு என்பதால், பாதிக்கப்பட்டவர் தமக்கென்று எதுவும் செய்யப்பட்டதாக உணரவில்லை.

கண்காணிப்புச் சேவை பற்றிய மின்னஞ்சலின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. ஜனவரியில் நிறுவனம் அனுப்பிய அந்தக் கடிதம், டார்கெட்டின் வழமையான முகவரியிலிருந்து வராமல், ஏதோ இலக்கங்களும் எழுத்துகளும் கலந்த, எவருக்கும் பழக்கமில்லாத முகவரி ஒன்றிலிருந்து வந்தது. டார்கெட்டில் ஒருபோதும் வாங்கியதாக நினைவில்லாதவர்களுக்கும் வந்தது. களவு பற்றிய செய்தி பரவிய நாளிலிருந்து, போலிக் கடிதங்கள் வரும், திறக்காதீர்கள் என்று எல்லோரும் எச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில், உண்மைக் கடிதமே போலியின் எல்லா அடையாளங்களோடும் வந்து சேர்ந்தது. எச்சரிக்கையாக இருந்தவர்கள் அதை அழித்தார்கள். எச்சரிக்கையற்றவர்கள் திறந்தார்கள். தான் அனுப்பிய எல்லாக் கடிதங்களின் படிகளையும் நிறுவனம் தன் இணையத்தளத்தில் போட்டு, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது.

விற்பனை சொல்வது

வாயால் சொல்வது ஒன்று, காலால் நடப்பது இன்னொன்று. கோபப்பட்டவர்கள் உண்மையில் கடையை விட்டுப் போனார்களா? டார்கெட்டே ஜனவரியில் சொன்ன கணக்கின்படி, டிசம்பர் 19க்கு முன்னர் அந்தக் காலாண்டின் விற்பனை எதிர்பார்த்ததை விட நன்றாக இருந்தது, அதன் பின்னர் எதிர்பார்த்ததை விட வெகுவாகக் குறைந்தது. காலாண்டு முடிவில் ஒப்பிடத்தக்க விற்பனை (முந்திய ஆண்டும் திறந்திருந்த கடைகளின் விற்பனை) 2.5 வீதமும், கொள்வனவுகளின் எண்ணிக்கை 5.5 வீதமும், இலாபம் 46 வீதமும் வீழ்ந்திருந்தன. இலாப வீழ்ச்சி முழுவதையும் களவின் தலையில் போடுவது சரியாகாது. கனடாவில் புதிதாகத் திறந்த கடைகளின் நட்டமும் அதில் உண்டு. நம் உறவினர் பலர் வாழும் அந்த நாட்டின் டார்கெட் கடைகளில் வேறு கணினி முறை இருந்தமையால் அங்கே அட்டைத் தரவு களவு போகவில்லை என்பதையும், 2015இல் அவை மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

வீழ்ச்சி நீடிக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் ஒப்பிடத்தக்க விற்பனை 3.8 வீதம் உயர்ந்தது. 2007ஆம் ஆண்டு, 45.7 மில்லியன் அட்டைகளின் விபரத்தைப் பறிகொடுத்ததாக டிஜேஎக்ஸ் என்ற இன்னோர் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் அறிவித்தபோது அதன் விற்பனை வீழவே இல்லை. 56 மில்லியன் அட்டைகளைப் பறிகொடுத்ததாக 2014 செப்ரெம்பரில் அறிவித்த, கட்டடப் பொருட்கள் விற்கும் ஹோம் டிப்போவும் அந்தக் காலாண்டில் கூடுதலாகவே விற்றது. இவற்றை வைத்து, மக்கள் மறந்துவிடுவார்கள், சொல்லாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் எடுக்காத செலவுகள் பல. டார்கெட்டின் மொத்தச் செலவு, காப்புறுதியால் கிடைத்தது போக, 200 மில்லியன் டொலரைத் தாண்டியது. வாடிக்கையாளரின் கூட்டு வழக்குக்கு 10 மில்லியன், 2017ஆம் ஆண்டு 47 மாநிலங்களோடும் தலைநகரப் பிரதேசத்தோடும் செய்துகொண்ட இணக்கத்துக்கு 18.5 மில்லியன் என்று வழக்குகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டன. தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பான அதிகாரி 2014 மார்ச் மாதத்திலும் பிரதம நிறைவேற்று அதிகாரி மே மாதத்திலும் பதவி விலகினார்கள்.

மூன்று நிறுவனங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். டார்கெட்டின் வாடிக்கையாளர் வீட்டுச் சாமானும் உடுப்பும் விளையாட்டுப் பொருளும் வாங்குபவர். அதே தெருவில் அதே பொருளை விற்கும் இன்னொரு கடை இருக்கிறது. செய்தி வந்தது கொள்வனவின் உச்ச நாட்களில். வேறு கடைக்குப் போவது இலகு, அதனால் போனார்கள். சீமெந்தும் பலகையும் வாங்கும் மேசனுக்கு அந்த வசதி குறைவு. ஆகவே வாடிக்கையாளர் தங்கிவிட்டார் என்பதை அவர் மன்னித்துவிட்டார் என்று வாசிப்பது பிழை.

திருகோணமலையில்

மத்திய வீதியில் என் மாணவி ஒருத்தி வேலைசெய்யும் கடையில் நான் கண்டது இது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அட்டையை நீட்டினார். மாணவி அதை இயந்திரத்தின் மேல் வைத்து எடுத்தாள், சீட்டு வெளியே வந்தது, பைகளும் மேசையில் தயாராக இருந்தன. அம்மையார் பைகளைத் தொடவில்லை. கைத்தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"ரீச்சர், மெசேஜ் வந்திட்டுதோ?"

"பொறு பிள்ளை, இன்னும் வரேல்ல."

பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள், எவரும் முணுமுணுக்கவில்லை. ஒலி கேட்டது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தொகையைச் சீட்டோடு ஒப்பிட்டார், பிறகுதான் பைகளை எடுத்தார். அம்மையாருக்கு அட்டை இயந்திரத்தில் நம்பிக்கை இல்லை, வங்கியின் குறுஞ்செய்தியில் இருக்கிறது. அதைவிடக் கூடுதலாக, ஏதாவது பிழைத்தால் உடனே கேட்பதற்கு எதிரே நிற்கும் பிள்ளையில் இருக்கிறது.

நம் வாடிக்கையாளரின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. குறுஞ்செய்தி பார்க்கும் பழக்கம் களவைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். 2013இன் அமெரிக்க வாடிக்கையாளர் பலருக்கு மாத முடிவில் வரும் கூற்றே வழியாக இருந்தது. நம் அட்டைகளில் சில்லு (சிப்) இருப்பதால், டார்கெட்டில் நடந்த விதமாகப் பட்டியைப் படியெடுத்துப் போலி அட்டை அடிப்பதும் இப்போது கடினம். அமெரிக்காவில் சில்லு அட்டைக்கு மாறும் வேலை இந்த நிகழ்வுக்குப் பிறகே வேகம் பிடித்தது. போலி அட்டையின் நட்டத்தைச் சில்லு இயந்திரம் வைக்காத கடைக்காரரே ஏற்க வேண்டும் என்ற விதி 2015 ஒக்ரோபர் முதலாந் திகதிதான் அங்கே நடைமுறைக்கு வந்தது. மறுபக்கத்தில், இங்கே அட்டை என்றால் பெரும்பாலானோருக்கு டெபிட் அட்டை. மீன்பிடிக் குடும்பத்தின் சேமிப்பு, தாதியின் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அந்த ஒரே கணக்கில் கிடக்கும். தைப்பொங்கலுக்கு அல்லது நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமையில் வங்கி அட்டைகளை முடக்கினால், மூதூரிலிருந்து சாமான் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஜேபி மோர்கனின் வாடிக்கையாளர் அடைந்த அலைச்சல் இங்கே பல மடங்காகும்.

சட்டம் ஓரளவு இருக்கிறது. கொடுப்பனவுக் கருவி மோசடிகளுக்கு எதிரான 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் களவாளியைத் தண்டிப்பதற்கானவை. வாடிக்கையாளரின் தரவை வைத்திருப்பவரின் பொறுப்பைப் பற்றிப் பேசுவது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவு மீறப்பட்டால் அதற்கான அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதில் உண்டு. கடமை கொழும்பிலுள்ள அதிகாரசபைக்கு அறிவிப்பதோடு முடிந்துவிடும் என்று ஒரு கடைக்காரர் நினைத்தால், டார்கெட் செய்ததை விடவும் மோசமாகச் செய்தவராவார்.

வகுப்பில் இதைப் பேசியபோது, சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சத்தையே பலர் முன்வைத்தார்கள். அந்த அச்சம் பொய்யானதன்று. டார்கெட்டின் விற்பனை அறிவித்த நாளிலிருந்துதான் விழுந்தது. ஆனால் அறிவித்தலைத் தள்ளிப்போட்டதால் அந்த வீழ்ச்சி தவிர்க்கப்படவும் இல்லை. கிரெப்ஸ் எழுதியிராவிட்டாலும் வங்கிகள் கண்டுபிடித்திருக்கும்; களவு போன அட்டைகள் எல்லாம் ஒரே கடையில் உரசப்பட்டவை என்பது வங்கியின் பதிவேட்டில் தெரியும். திருகோணமலை போன்ற ஊரில் அதுவும் தேவையில்லை. இரண்டு பேருக்குத் தெரியாத குறுஞ்செய்தி வந்து, இருவரும் கோயில் வீதியில் சந்தித்துப் பேசினால், கடையின் பெயர் அன்று பின்னேரமே ஊர் முழுவதும் தெரிந்துவிடும். கடைக்காரர் சொன்னாரா, ஒளித்தாரா என்பது மட்டும்தான் அதன்பின் மிஞ்சும் கேள்வி.

எனவே மாணவர்களோடு சேர்ந்து, இங்குள்ள ஒரு நடுத்தரக் கடைக்குப் பொருந்தும் விதமாக அறிவித்தல் ஒன்றின் வரைவை எழுதிப் பார்த்தோம். தெரிந்த அன்றே கடை வாசலிலும் காசு மேசையிலும் ஒட்டுவதற்கு அது. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை அட்டை பயன்படுத்தியவர்கள், என்ன விபரம் போனது என்று தெரியும், என்ன இன்னும் தெரியாது, அட்டையின் பின்புறத்திலுள்ள வங்கி இலக்கத்தை அழைத்து அட்டையை நிறுத்துங்கள், கடையிலிருந்து எவரும் உங்களை அழைத்து இரகசிய இலக்கம் கேட்கமாட்டார்கள் என்பவை அதில் இருந்தன. இன்னும் தெரியாது என்ற வரியை எடுத்துவிடலாம், அது பயமுறுத்தும் என்று ஒரு மாணவர் வாதிட்டார். நான் சம்மதிக்கவில்லை. டிசம்பர் 19ஆந் திகதி டார்கெட் அந்த வரியை நேராக எழுதியிருந்தால், 27ஆந் திகதியின் திருத்தத்தைப் பொய்யின் ஒப்புதலாக எவரும் வாசித்திருக்க மாட்டார்கள். வரைவைத் தமிழில் முதலிலும் சிங்களத்தில் அடுத்தும் ஆங்கிலத்தில் கடைசியாகவும் வைத்தோம். உப்புவெளி விடுதியில் வேலை செய்யும் மாணவர், தன் இடத்துக்கு வரிசையைத் தலைகீழாக்கி, அறை வாடகைக்கு அட்டை கொடுத்துவிட்டு ஏற்கெனவே நாடு திரும்பியவர்களுக்கு அனுப்ப ஒரு மின்னஞ்சலையும், விடுதியின் வழமையான முகவரியிலிருந்தே போக வேண்டும் என்ற குறிப்போடு, தனியாக எழுதினார்.